ஆளுக்கொரு வாரண்டு

என் மாமனார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுத்தராகச் சேர்ந்து, சில ஆண்டுகள் அமீனாவாக அலைந்து, கடைசியில் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவர். அமெரிக்காவின் எல் பாசோவில் எங்களோடு மூன்று மாதம் தங்க வந்திருந்தபோது அவரை எங்கே அழைத்துச் செல்வது என்று நானும் மனைவியும் நிறையவே யோசித்தோம். ஊரெல்லாம் வியக்கும் வெள்ளை மணல் குன்றுகளைப் பார்த்து, "மணல்தானே?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கார்ல்ஸ்பாட் குகைக்குள் இறங்க அவருடைய முழங்கால் சம்மதிக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலான தொலைவில் ஒரு பழைய கோர்ட்டும் ஜெயிலும் சேர்ந்த கட்டடத்தை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்ன மறுநாள், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீற்றோடு கூடத்தில் காத்திருந்தார்.

நாங்கள் சென்ற ஊரின் பெயர் லிங்கன். நியூ மெக்சிகோ மாநிலத்தின் தென்கிழக்கில், ரியோ போனித்தோ என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில், ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் ஊர் அது. ஸ்பானிய மொழி பேசிய குடியானவர்கள் 1850களில் அங்கே குடியேறியபோது ஆற்றின் பெயரையே ஊருக்கும் வைத்திருந்தார்கள். 1869இல் அந்தப் பகுதியைத் தனிக் கவுண்டியாக, அதாவது நம் மாவட்டத்துக்கு ஒப்பான நிர்வாகப் பிரிவாக, அமைத்தபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்த குடியரசுத் தலைவரின் பெயரைக் கவுண்டிக்கும் ஊருக்கும் சூட்டினார்கள். 380ஆம் எண் நெடுஞ்சாலைதான் அந்த ஒற்றைத் தெரு. இன்று அங்கே வசிப்பவர்கள் சில பத்துப் பேர் மட்டுமே. தெருவில் நின்ற வீடுகளில் பெரும்பாலானவை மாநில அரசின் பாதுகாப்பில் இருக்கின்றன. கார் கதவை மூடும் ஓசை கூட எதிர்க் குன்றில் பட்டுத் திரும்புகிற அளவுக்கு அமைதி.

தெருவின் மேற்குக் கோடியில், தெற்குப் பக்கமாக, நாங்கள் தேடி வந்த இரண்டு தளக் கட்டடம் நின்றது. முகப்பில் மரத் தூண்கள் தாங்கிய மாடித் தாழ்வாரம்; பின்னால் முற்றம். சுவர்கள் முழுவதும் வைக்கோல் பிசைந்த மண்ணை அச்சில் வார்த்து வெயிலில் உலர்த்திய பச்சைக் கற்களால் எழுப்பியவை. அடோபி என்று அங்கே சொல்கிறார்கள். மாமனார் உள்ளே நுழைவதற்கு முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்து, சன்னல் பக்கம் போய்ச் சுவரின் கனத்தை முழங்கையால் அளந்தார். "இது கோர்ட்டுக்குன்னு கட்டின கட்டடம் இல்லை மாப்பிள்ளை. வாசப்படியப் பாருங்க, இது கடை" என்றார். நான் வீட்டில் படித்துவிட்டு வந்திருந்ததை அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

உண்மையில் அது கடைதான். அயர்லாந்திலிருந்து வந்த லாரன்ஸ் மர்ஃபி என்பவர், ஒன்பது மைல் தள்ளியிருந்த ஸ்டான்டன் ராணுவக் கோட்டையில் எமில் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மானியப் பங்காளியோடு கடை வைத்திருந்தார். 1873இல் ராணுவம் அவர்களை வெளியேற்றியது. அதன் பின் லிங்கனுக்கு வந்து மர்ஃபி எழுப்பிய கட்டடம் இது. கோட்டைக்கும் மெஸ்கலேரோ அப்பாச்சி பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்துக்கும் மாட்டிறைச்சியும் மாவும் அளக்கும் அரசு ஒப்பந்தங்கள் அவர் கையில் இருந்தன. சுற்றுவட்டக் குடியானவர்கள் அவரிடம்தான் கடனுக்குச் சாமான் வாங்கி, அறுவடை முடிந்ததும் அவர் சொன்ன விலைக்கே விளைச்சலை அளந்துவிட்டுப் போக வேண்டும். வேறு கடை கிடையாது. ஊர்மக்கள் இந்தக் கட்டடத்தை 'தி ஹவுஸ்' என்று மட்டுமே குறிப்பிட்டார்கள். 'பெரிய வீடு' என்று நம் கிராமங்களில் குரலைத் தாழ்த்திச் சொல்வோமே, அந்தத் தொனியில்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1877இல் போட்டிக் கடை வந்தது. ஜான் டன்ஸ்டால் என்ற இளம் ஆங்கிலேயர், அலெக்சாண்டர் மெக்ஸ்வீன் என்ற வழக்கறிஞரின் துணையோடு, இதே தெருவில் சற்றுக் கிழக்கே கடை திறந்தார். அதற்குள் மர்ஃபி உடல் நலிந்து, வணிகம் ஜேம்ஸ் டோலன் என்ற இன்னொரு ஐரிஷ்காரரின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. இரண்டு கடைகளுக்கும் இடையிலான பகையைத்தான் லிங்கன் கவுண்டிப் போர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதைத் தொடங்கி வைத்தது ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். 1874இல் ஜெர்மனிக்குப் போன இடத்தில் இறந்துவிட்ட எமில் ஃபிரிட்ஸ், 10,000 டாலருக்குக் காப்பீடு செய்திருந்தார். அந்தப் பணத்தை வசூலித்துத் தரும் பொறுப்பு வழக்கறிஞர் மெக்ஸ்வீனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வசூலித்தார், ஆனால் எல்லா வாரிசுகளும் யார் என்று தெரியாமல் பணத்தைக் கொடுக்க முடியாது என்று கையில் வைத்துக்கொண்டார். ஃபிரிட்ஸ் தங்களுக்குக் கடன்பட்டிருந்தார் என்று சொல்லி டோலன் தரப்பு அந்தப் பணத்தின் மேல் கண் வைத்திருந்தது. மெக்ஸ்வீன் மீது கையாடல் புகார் எழுந்தது. 1878 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி வாரன் பிரிஸ்டல் அவருடைய சொத்துகளை ஜப்தி செய்ய ஆணையிட்டார். டன்ஸ்டாலும் அவருடைய பங்காளிதான் என்று சொல்லி, அவர் கடையிலும் பண்ணையிலும் இருந்தவற்றையும் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் வில்லியம் பிரேடி அந்த ஜப்திக்குள் சேர்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் மாமனார் கீழ்த்தளத்தில் ஒரு விளக்கப் பலகையின் முன் நின்றுவிட்டார். நான் வரிவரியாக மொழிபெயர்த்தேன். "பங்காளின்னு டாக்குமெண்ட் இருந்துதா?" என்றார். அந்த நேரத்தில் முறையான பங்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றுதான் நூல்கள் சொல்கின்றன என்றேன். "அப்ப கிளெய்ம் பெட்டிஷன் போட்டா முடிஞ்சுபோயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, தான் அமீனாவாக இருந்த காலத்தில் ஒரு மிராசுதார் வீட்டுக்கு வாரண்டோடு போய், அவர் தம்பியின் உழவு மாட்டைத் தவறுதலாகப் பட்டியலில் எழுதிவிட்டு, மூன்று மாதம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடந்த கதையைச் சொன்னார். "ஜப்திக்குப் போறவன் கையில பேனாதான் இருக்கணும். ஆளையும் துப்பாக்கியையும் கூட்டிக்கிட்டுப் போனா அது ஜப்தி இல்லை மாப்பிள்ளை."

பிரேடி அனுப்பிய கூட்டம் துப்பாக்கியோடுதான் போனது. பிப்ரவரி 18 அன்று மாலை, ஒன்பது குதிரைகளை ஓட்டிக்கொண்டு லிங்கனை நோக்கி வந்த டன்ஸ்டாலை அந்தக் கூட்டத்தின் ஒரு பிரிவினர் மலைப்பாதையில் மடக்கிச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்களின் வசம் நீதிமன்ற ஆணை இருந்தது. டன்ஸ்டாலிடம் வேலை பார்த்த இளைஞர்களும் தங்கள் பங்குக்குக் காகிதம் தேடிப் போனார்கள். ஊரின் சிறு வழக்குகளைக் கவனித்த அமைதி நீதிபதியான ஜான் வில்சன், கொலையாளிகளைக் கைது செய்ய அவர்களுக்கு வாரண்டு எழுதிக் கொடுத்தார். பிப்ரவரி 20 அன்று ஊர்க் காவலர் அத்தனாசியோ மார்த்தினெஸ், துணைக்கு நியமிக்கப்பட்ட இரண்டு இளைஞர்களோடு, அந்த வாரண்டை நிறைவேற்ற டோலனின் கடைக்குள் நுழைந்தார். உள்ளே இருந்த ஷெரிஃப் பிரேடி, கைது செய்ய வந்த மூவரையும் கைது செய்தார். துணைக்கு வந்த இருவரில் ஒருவருக்கு அப்போது வயது பதினெட்டு இருக்கலாம். ஹென்றி மெக்கார்ட்டி என்பது இயற்பெயர்; வில்லியம் பானி என்று சொல்லிக்கொண்டிருந்தார்; பிற்காலத்தில் உலகம் அவரை பில்லி தி கிட் என்று அழைத்தது.

பில்லி தி கிட்டைப் பற்றி எனக்கிருந்த சித்திரம் முழுக்க குதிரையும் தூசியும் நிறைந்தது. இந்தக் கட்டடத்துக்குள் அவர் முதலில் நுழைந்தது சட்டத்தின் ஆளாக, சட்டைப்பையில் முறையான வாரண்டோடு என்பது எனக்குப் புதிய செய்தி. நாங்கள் நின்றிருந்த இந்தக் கீழ்த்தளத்தில்தான் அது நடந்திருக்க வேண்டும். வாரண்டு செல்லாக் காசானது. அவரை ஊரின் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஜெயில் 1877இல் பூமியைத் தோண்டி, உள்ளே மரக்கட்டைகளை அடுக்கி அமைத்த ஒரு குழி. ஏணி வழியாக இறக்கிவிட்டு ஏணியை எடுத்துக்கொள்வார்கள். கட்டிய சில வாரங்களிலேயே அதிலிருந்து ஒரு கொள்ளைக் கூட்டம் தப்பிவிட்டதால் அதன் பலத்தைப் பற்றி யாருக்கும் மயக்கம் இருக்கவில்லை.

அடுத்து நடந்தவற்றை விரிவாகச் சொன்னால் இந்தக் கட்டுரை போர்க்கதையாகிவிடும். ஒன்றை மட்டும் விட முடியவில்லை. மார்ச் 9 அன்று ஆளுநர் சாமுவேல் ஆக்ஸ்டெல், வில்சனின் நியமனமே செல்லாது என்று அறிவித்தார். 'ரெகுலேட்டர்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்டு வாரண்டோடு சுற்றிய இளைஞர்கள், ஒரே கையெழுத்தில், சட்டத்தின் ஆட்களிலிருந்து சட்டவிரோதக் கும்பலாக மாறினார்கள். ஏப்ரல் 1 அன்று அவர்களில் சிலர் டன்ஸ்டால் கடையின் மண்சுவருக்குப் பின்னால் மறைந்திருந்து, பட்டப்பகலில் தெருவில் நடந்து வந்த ஷெரிஃப் பிரேடியையும் துணை ஷெரிஃப் ஒருவரையும் சுட்டார்கள். அது கோழைத்தனமான கொலை. டன்ஸ்டாலுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காட்டி அதைக் கழுவிவிட முடியாது. ஜூலை நடுவில் இதே தெருவில் ஐந்து நாள் துப்பாக்கிச் சண்டை நடந்து, மெக்ஸ்வீனின் வீடு எரிந்து, அவரும் சுடப்பட்டு விழுந்தார். கையாடல் குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இல்லை என்று விசாரணைக் குழு அவரை ஏப்ரலிலேயே விடுவித்திருந்தது.

டோலனின் வணிகமும் திவாலானது. அவருடைய கடை கடன் கொடுத்தவர் கைக்குப் போய், 1880 கடைசியிலோ அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலோ கவுண்டியின் கைக்கு வந்து, நீதிமன்றமாக மாறியது. ஊரிலேயே பெரிய, உறுதியான கட்டடம் அதுதான், வேறு இடமில்லை. பெரிய வீட்டுக்காரர்களின் வீட்டிலேயே நீதிமன்றம் குடிவந்ததைச் சாமான்ய மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை எந்தப் பலகையும் எழுதி வைக்கவில்லை. மாடியில் வழக்கு விசாரணைக்கும் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பழைய குழி ஜெயிலை நம்ப முடியாத கைதிகளையும் மாடியிலேயே வைத்தார்கள்.

அப்படி வைக்கப்பட்டவர்தான் பில்லி. 1880 டிசம்பரில், அடுத்த ஷெரிஃபாகத் தேர்வாகியிருந்த பாட் காரட் அவரைப் பிடித்தார். 1881 ஏப்ரலில் தெற்கே மெசில்லா ஊரில் விசாரணை நடந்தது. நீதிபதி அதே வாரன் பிரிஸ்டல். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜப்தி ஆணையில் கையெழுத்திட்ட அதே கை, பிரேடி கொலைக்காக மே 13 அன்று லிங்கனில் தூக்கிலிட வேண்டும் என்று தீர்ப்பில் கையெழுத்திட்டது. போரின் இரு தரப்பிலுமாகச் சுமார் 200 குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்தன. அவற்றில் தண்டனை வரை போனது பில்லி ஒருவரின் வழக்கு மட்டும்தான். டோலன் விடுதலையாகி, டன்ஸ்டாலின் கடையையே வாங்கி நடத்தி, பின்னர் கவுண்டியின் பொருளாளராகவும் இருந்தார். மாமனார் இதைக் கேட்டபோது எதுவும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மாடிக்குப் போகும் படிக்கட்டு குறுகலானது. அடியில், சுவரில், ஒரு துளையை அடையாளமிட்டுக் காட்டுகிறார்கள். துணை ஷெரிஃப் ஜேம்ஸ் பெல் மீது பாய்ந்த குண்டு அங்கே பதிந்ததாகச் சொல்லப்படுகிறது. எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் ஒரு சிறுவன் துளைக்கு அருகில் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். "மகஜர் எழுதினாங்களா?" என்றார் மாமனார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சம்பவ இடத்தில் அன்றே எழுதப்பட்டுச் சாட்சிகள் கையெழுத்திடாத எதையும் துளை என்று கூட ஒப்புக்கொள்ளாமல் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். அந்தச் சுவர் பலமுறை பூசப்பட்டிருப்பதால் சந்தேகிப்பவர்கள் ஆய்வாளர்களிலும் இருக்கிறார்கள் என்று சொன்னதும் சற்றுச் சமாதானமானார்.

1881 ஏப்ரல் 28, வியாழக்கிழமை. ஷெரிஃப் காரட் ஊரில் இல்லை; ஒயிட் ஓக்ஸ் என்னும் சுரங்க ஊருக்கு வரி வசூலுக்குப் போயிருந்தார். அந்தக் காலத்தில் ஷெரிஃப் வேலையும் வரி வசூலும் ஒருவர் பொறுப்பே. தூக்குத் தண்டனைக் கைதிக்குக் காவலாக ஜேம்ஸ் பெல், பாப் ஒலிங்கர் என இருவர். மாடியின் இன்னோர் அறையில் டுலரோசா ஊரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஐந்து கைதிகளும் இருந்தார்கள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் நடந்த கொலைக்காக வந்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒலிங்கர் அந்த ஐவரையும் எதிர்ப்பக்கத்து வோர்ட்லி விடுதிக்கு உணவுக்காக அழைத்துப் போனார். பில்லியோடு பெல் மட்டும் இருந்தார். பில்லி கழிப்பிடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டார். கழிப்பிடம் பின்முற்றத்தில் இருந்தது. பெல் அவரை அழைத்துச் சென்று திரும்பக் கூட்டிவந்தார்.

அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்த்தபோதுதான் அடுத்து நடந்தது எனக்கு விளங்கியது. மேலே போய் வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பியதும், பின்னால் வருபவரின் கண்ணுக்கு முன்னால் போகிறவர் இரண்டு மூன்று வினாடிகள் மறைந்துவிடுகிறார். நான் மேலே நின்றுகொண்டு மாமனாரை மெதுவாக ஏறிவரச் சொன்னேன். ஐந்தாறு படி இருக்கும்போது அவருடைய வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. பில்லியின் மணிக்கட்டு தடித்ததாகவும் கை சிறியதாகவும் இருந்ததால் விலங்கைக் கழற்ற முடிந்தது என்பார்கள். கழற்றிய விலங்காலேயே பெல்லைத் தாக்கி அவருடைய துப்பாக்கியைப் பறித்தார் என்பது ஒரு கூற்று. கழிப்பிடத்தில் நண்பர் யாரோ துப்பாக்கியை மறைத்து வைத்திருந்தார் என்பது மற்றொன்று. எப்படியானாலும் படிக்கட்டில் ஓடிய பெல்லின் மேல் குண்டு பாய்ந்தது. அவர் தட்டுத் தடுமாறிப் பின்முற்றத்துக்கு வந்து, காட்ஃப்ரி காவ்ஸ் என்ற வயதான ஜெர்மானியரின் கைகளில் விழுந்து இறந்தார். காவ்ஸ் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். முன்பு டன்ஸ்டாலின் பண்ணையில் சமையல்காரராக இருந்தவர்.

வெடிச் சத்தம் கேட்டு ஒலிங்கர் விடுதியிலிருந்து தெருவைக் கடந்து ஓடிவந்தார். கிழக்குப் பக்கத்து மாடிச் சன்னலில், ஒலிங்கரின் சொந்த இரட்டைக் குழல் துப்பாக்கியோடு பில்லி காத்திருந்தார். அந்தச் சன்னலின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன். தரை மிகவும் பக்கத்தில் இருக்கிறது. ஒலிங்கரின் முகம், சட்டைப் பொத்தான் எல்லாம் தெரிந்திருக்கும். கீழே புல்லில் ஒரு சிறு நினைவுக் கல் இருக்கிறது. பெல் விழுந்த இடத்தில் பின்முற்றத்தில் இன்னொன்று. ஒலிங்கர் முரடர், கைதியைச் சீண்டி மகிழ்ந்தவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பெல்லைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. பெல்லைக் கொல்ல நினைக்கவில்லை என்று பில்லியே மாடித் தாழ்வாரத்தில் நின்று ஊராரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பெல்லின் கல்லறையில் பல பத்தாண்டுகளுக்கு அடையாளக் கல் கூட இருக்கவில்லை. இறந்தவர்களில் யாருக்காவது நான் தலை குனிய வேண்டுமென்றால் அது பெல்லுக்காகத்தான்.

"தூக்குக் கைதிக்கு ஒத்தைக் காவல்," என்றார் மாமனார், கைப்பிடியைப் பிடித்தபடி. "அதுவும் கைதி இருக்கிற மாடியிலேயே ஆயுத அறை. இதுல பில்லி என்ன பண்ணினான்? கதவைத் திறந்து வச்சவங்க தப்பு." படியேறியதும் இருந்த சிறு அறையைத்தான் ஆயுதங்கள் வைக்கப் பயன்படுத்தினார்கள் என்பதை அவர் படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தார்.

பில்லி உடனே ஓடிவிடவில்லை என்பது இந்தக் கதையின் விசித்திரம். காவ்ஸிடம் ஒரு கோடரி போன்ற குந்தாலியை வீசச் சொல்லி வாங்கி, கால் விலங்கோடு ஒரு மணி நேரம் போராடினார். ஒரு கால் மட்டும் விடுபட்டது. சங்கிலியை இடுப்பு வாரில் சொருகிக்கொண்டு, கவுண்டி எழுத்தர் ஒருவரின் குதிரையில் ஏறி மேற்கே போனார். அந்த ஒரு மணி நேரமும் ஊர் முழுவதும் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் தடுக்கவில்லை. சிலருக்குப் பயம். ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசி, அவர்களின் வீட்டு நடனங்களில் ஆடி, அவர்களின் அடுக்களைகளில் சாப்பிட்ட பையன் என்பதால் சிலருக்குப் பரிவு. குதிரை பின்னர் தானாகவே ஊர் திரும்பியது.

அங்கே தலைநகர் சாண்டா ஃபேயில், நடந்ததை அறியாத ஆளுநர் லூ வாலஸ், ஏப்ரல் 30 அன்று பில்லியின் மரண ஆணையில் கையெழுத்திட்டார். 'பென்ஹர்' நாவலை எழுதிய அதே வாலஸ்தான். 1879 மார்ச்சில் இதே லிங்கனில், அமைதி நீதிபதி வில்சனின் வீட்டில், இரவு நேரத்தில் பில்லியைச் சந்தித்து, ஒரு கொலை வழக்கில் சாட்சி சொன்னால் பாதுகாப்பேன் என்று உறுதி கொடுத்தவர். பில்லி சாட்சி சொன்னார். மன்னிப்பு வரவில்லை. சிறையிலிருந்து அவர் வாலஸுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. இந்தக் கதையில் எல்லாக் கொலைக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. கொடுத்த வாக்குக்கும் வாலஸ் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. அந்தக் காகிதம் மட்டும் செல்லவில்லை. மரண ஆணை வந்து சேர்ந்தபோது தூக்கிலிட ஆள் இல்லை. ஜூலை 14 இரவு, சம்னர் கோட்டையில் ஓர் இருட்டு அறையில், பாட் காரட் அவரைச் சுட்டார். 2010ஆம் ஆண்டின் கடைசி நாளில், ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் வாலஸின் வாக்கை நிறைவேற்றலாமா என்று ஆராய்ந்து, மன்னிப்பு வழங்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டுப் பதவியிலிருந்து இறங்கினார்.

மேற்கத்தியப் புனைவுகளும் சுற்றுலாக் கையேடுகளும் லிங்கனைச் சட்டம் எட்டாத ஊர் என்று விவரிக்கின்றன. அந்த வர்ணனையை நம்பித்தான் நானும் வந்தேன். மாமனாரோடு அறை அறையாக நடந்த பிறகு அது எனக்கு ஒட்டவில்லை. ஜப்தி ஆணை, கைது வாரண்டு, நியமன ரத்து, பொது மன்னிப்பு, குற்றப் பத்திரிகை, மரண ஆணை என்று சட்டம் அந்த ஊரில் அளவுக்கு மீறி இருந்தது. ஆளுக்கொரு வாரண்டு வைத்திருந்தார்கள். எந்த வாரண்டு செல்லும் என்று சொல்லக்கூடிய நடுநிலையான ஒருவர்தான் இல்லை.

அந்த ஒரு பகலுக்குப் பிறகு இந்தக் கட்டடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றமாக ஓடியது. நிலப் பத்திரங்கள், கால்நடை முத்திரைகள், வாய்க்கால் பங்கு, உயில், திருமண உரிமம் என்று எத்தனையோ பேர் இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியிருப்பார்கள். அவர்களைப் பற்றி வருகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. 1899இல் ரயில் பாதை மேற்கே கரிசோசோ வழியாக வந்ததும் லிங்கனின் முக்கியத்துவம் கரையத் தொடங்கியது. கவுண்டியின் தலைநகரை கரிசோசோவுக்கு மாற்ற 1909இல் மக்கள் வாக்களித்தார்கள். லிங்கன்காரர்கள் விடாமல் வழக்காடி, விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1913இல் தோற்றார்கள். தன் கோர்ட்டைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போன ஊர். அதன் பின் இங்கே பள்ளிக்கூடம் நடந்தது. 1930களின் இறுதியில், பெருமந்தக் கால வேலைத் திட்டத்தின் உதவியோடு, மாநில அரசு கட்டடத்தைச் சீர்ப்படுத்தி 1939இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அன்றைய ஏழ்மைதான் ஊரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். வளர்ந்திருந்தால் இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள்.

மண் கட்டடத்தை ஒருமுறை சீர்ப்படுத்திவிட்டு மறந்துவிட முடியாது. கூரை ஒழுகினால் சுவர் கரையும். அடியில் ஈரம் ஏறினால் சுவரின் பாதம் உள்வாங்கும். பலமாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுவரை அரிக்கும். ஆகவே மண்ணையும் சுண்ணாம்பையும் மீண்டும் மீண்டும் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். பின்புறச் சுவரின் அடியில் விரலால் தொட்டபோது பொடி உதிர்ந்து என் நகக்கண்ணில் ஒட்டியது. அதில் ஒரு வைக்கோல் துணுக்கும் இருந்தது.

புறப்படும் முன் வருகையாளர் பதிவேட்டில் மாமனார் தம் பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் 'சிரஸ்தார் (ஓய்வு)' என்று சேர்த்து, வழக்கம்போல் அடியில் கோடு இழுத்தார். பிறகு என்னிடம், "இங்க இருந்த ரெஜிஸ்டர் எல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். தலைநகர் மாறியபோது கவுண்டியின் அலுவலகமும் கரிசோசோவுக்குப் போய்விட்டது, நாம் திரும்பும் வழியில்தான் அந்த ஊர் வரும் என்றேன்.

நாங்கள் கரிசோசோவை அடையும்போது ஐந்து மணி. கவுண்டி நீதிமன்றத்தைக் கண்டுபிடித்து எதிரில் வண்டியை நிறுத்தினேன். சனிக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. மாமனார் இறங்கிப் போய், கண்ணாடிக் கதவில் இரு கைகளையும் குவித்து உள்ளே பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"பீரோ தெரியுது," என்றார்.